அளவெடுக்காத கருணை

ஒரு மேற்சட்டை தைப்பதற்குத் தையற்காரர் தோளையும் மார்பையும் கையையும் அளந்து குறித்துக்கொள்கின்றார். அளவு பிழைத்தால் அதனைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்விக்கும் உரிமை எமக்கு உண்டு. ஆனால் நடக்கவியலாத ஒருவருக்குச் சக்கர நாற்காலி வழங்கப்படும்போது, அவருடைய இடுப்பின் அகலம் யாது, தொடையின் நீளம் யாது, அவர் வாழும் வீட்டின் வாசற்படி எவ்வளவு உயரமானது, அவர் போகவேண்டிய ஒழுங்கை மணலா சேறா என்று வினவுவோர் எம்மிடையே மிகச் சிலரே. வந்த நாற்காலி வந்தபடியே கொடுக்கப்படுகின்றது. பெற்றுக்கொள்பவர் நன்றி கூறவேண்டும். படம் பிடிப்பவரை நோக்கிச் சிறிது புன்னகை புரியவும் வேண்டும். அளவு பிழை என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

அவ்வுரிமை பற்றியதே இக்கட்டுரை. செயற்கைக் கால், செயற்கைக் கை, கால்தாங்கி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி முதலான துணைச் சாதனங்கள் யாவும் ஒருவருடைய உடலுக்கும், அவர் வாழும் நிலத்துக்கும், அவர் செய்யும் தொழிலுக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டாலன்றி அவை சாதனங்களாகா, பாரங்களே ஆகும். இதனை மருத்துவ நுணுக்கமென ஒதுக்கிவிட்டு, எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே எமது தொண்டு நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் காலங்கழித்து வருகின்றமை கண்டிக்கத்தக்கது.

யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையில் உள்ள அரியாலையை எடுத்துக்கொள்வோம். கண்டி வீதியை ஒட்டிய பகுதியில் தார் வீதியும் கல்வீடுகளும் உண்டு. அங்கிருந்து கடனீரேரியை நோக்கி இறங்க இறங்க நிலம் மாறுகின்றது. மணல் ஒழுங்கைகள், காலபோகத்தில் நீர் நிற்கும் வயல்கள், பனங்கூடல், உவர் நிலம், இறால் பிடிப்போர் இறங்கும் சேற்றுக்கரை. கிழக்கு அரியாலை 2000ஆம் ஆண்டில் கடும் போர்க்களமாயிற்று. இரு தரப்பினரும் புதைத்த மிதிவெடிகள் குடாநாட்டில் எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டுபோயின. போர் 2009இல் முடிந்தது, உறுப்பிழப்பு முடியவில்லை. பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவற்றொழிலாளர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இன்று மருத்துவமனைகளிற் கால் அகற்றப்படுவோருட் பலர் நீரிழிவு நோயாளர். மிதிவெடிக்கு இரையானவருக்குக் கிடைத்த அனுதாபம்கூட, சர்க்கரை நோயால் விரல் அழுகிக் காலையிழந்த கூலித்தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. அனுதாபம் கிடைக்கவேண்டுமானால் காயமும் வீரமுடையதாய் இருத்தல் வேண்டும்போலும்!

இத்தகைய நிலத்தில் வாழும் ஒருவர் ஒரு நாளிற் செய்வனவற்றை எண்ணிப் பாருங்கள். குந்தியிருந்து முகங்கழுவுகின்றார். குந்தியே மலங்கழிக்கின்றார். சப்பாணி கட்டி நிலத்திலிருந்து உண்கின்றார். கோயில் வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் உள்ளே செல்கின்றார். வரம்பில் நடக்கின்றார், சைக்கிள் மிதிக்கின்றார். மேலைநாட்டில் வடிவமைக்கப்பட்ட பழைய செயற்கைப் பாதம் இவற்றுள் எதையும் மனங்கொண்டு ஆக்கப்பட்டதன்று. அது சப்பாத்துக்குள் மறைந்திருக்கும்படி ஆக்கப்பட்டது. கதிரையிலிருந்து எழுந்து, சமதரையில் நடந்து, மீண்டும் கதிரையில் அமரும் ஒருவருக்கு அது போதும். அரியாலை விவசாயிக்குப் போதாது.

இந்த உண்மையை முதலிற் கண்டுகொண்டவர் பேராசிரியர் அல்லர் என்பதை எமது பல்கலைக்கழக உலகம் நினைவிற் கொள்வது நன்று. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலுள்ள சவாய் மான்சிங் மருத்துவமனையில் நோயாளருக்குக் கைப்பணி கற்பித்து வந்தவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். உயர்கல்வி பெறாதவர். விலை கொடுத்து வாங்கிய செயற்கைக் கால்களை நோயாளர் வீட்டு மூலையில் வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலுடன் நடமாடுவதை அவர் கண்டார். லொறிச் சக்கரங்களுக்குப் பயன்படும் வன்கந்தகமூட்டிய இறப்பரைக் கொண்டு, மனிதப் பாதத்தின் வடிவும் வளைவும் உள்ள பாதமொன்றை உருவாக்க முனைந்தார். என்புமுறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் பிற மருத்துவரும் அம்முயற்சிக்கு அறிவியல் வடிவம் கொடுத்தனர். 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர்ப் பாதம் பிறந்தது. சப்பாத்து வேண்டாம், நீர் புகாது, குந்தலாம், சேற்றில் நடக்கலாம். 1981இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயரை இன்றும் பலர் அறியார். அறிவுழைப்பும் கையுழைப்பும் சந்திக்கும் இடங்களிலெல்லாம் இதுவே நடைபெறுகின்றது.

இலங்கையில் கொழும்பு நேசசகாய சங்கம் 1985இல் இத்தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டது. போர் உக்கிரமடைந்த 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. மின்சாரமும் மூலப்பொருளும் போக்குவரத்தும் இல்லாத காலங்களிலும் அந்நிலையத்தின் தொழிலாளர் கால்களைச் செய்தனர். 1999 முதற் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதற்குத் துணைநின்றது. வடபுலத்து வரலாற்றை எழுதுவோர் தளபதிகளுக்கும் தலைவர்களுக்கும் ஒதுக்கிய பக்கங்களில் ஒரு பக்கத்தையேனும் அந்தப் பட்டறைக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இங்கு ஒரு நுட்பத்தை விளக்குதல் அவசியம். பாதத்தை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கலாம். பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பலாம். ஆனால் எஞ்சிய காலை ஏந்திக்கொள்ளும் கிண்ணம் போன்ற மேற்பகுதியை அவ்வாறு அனுப்ப முடியாது. அது ஒருவருக்கு மட்டுமே உரியது. எஞ்சிய காலின்மீது பாரிஸ் சாந்து தோய்த்த துணியைச் சுற்றி அச்செடுத்து, அவ்வச்சினின்று வார்ப்பெடுத்து, எங்கே உடல் பாரத்தைத் தாங்கும், எங்கே தாங்காது என்று கைவிரலாற் தடவிப் பார்த்து, தாங்கும் இடத்திற் செதுக்கியும் தாங்காத இடத்திற் சாந்து சேர்த்தும் திருத்தி, அதன்மேற் சூடாக்கிய பிளாஸ்ரிக்கைப் போர்த்தி ஆக்குகின்றனர். முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டவருக்குச் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரத்தின் பெரும்பங்கை ஏற்கும்; எலும்பின் நுனியும் முன்விளிம்பும் ஏற்கா. அரை அங்குலம் பிழைத்தால் தோல் உரியும். தோல் உரிந்தவர் காலைக் கழற்றி வைத்துவிடுவார். நீரிழிவு உள்ளவராயின் உணர்ச்சி குன்றியிருப்பதால் புண் வந்ததே தெரியாது. தெரியவரும்போது இன்னும் மேலே வெட்டவேண்டி நேரலாம்.

அளவெடுப்பது ஒருமுறையுடன் முடிவதுமன்று. சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் மாதங்களில் எஞ்சிய கால் சுருங்குகின்றது. முதலிற் செய்த கிண்ணம் தளர்ந்துபோகின்றது. பிள்ளைகள் வளர்கின்றனர், எட்டு வயதிற் பொருத்திய கால் ஒன்பது வயதிற் கட்டையாகிவிடும். வளர்ந்தவருக்கும் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கால் தேவை. ஆகவே ஒருவருக்குக் கால் கொடுத்தோம் என்று இறந்தகாலத்திற் கூறுவதே தவறு. வாழ்நாள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியது அது. ஒரே நாளில் அளவெடுத்து, மாட்டி, அனுப்பிவிடும் முகாம்கள் தம் வேகத்துக்காகப் புகழப்படுகின்றன. மறுமாதம் தோல் உரிந்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அம்முகாமிடம் விடையில்லை. பந்தல் அப்போதே பிரிக்கப்பட்டுவிட்டது.

சக்கர நாற்காலியின் கதை இதனினும் கொடியது. ஏனெனில் அதற்கும் அளவு உண்டு என்பதையே பலர் அறியார். மருத்துவமனை நடைக்கூடத்தில் நோயாளரைத் தள்ளிச் செல்வதற்கென ஆக்கப்பட்ட மடக்கு நாற்காலியை, பகல் முழுவதும் அதிலேயே வாழவேண்டிய ஒருவரிடம் கொடுக்கின்றோம். முன்சக்கரங்கள் சிறியவை, அரியாலை மணலில் இரண்டு முழம் செல்வதற்குள் புதைகின்றன. சக்கரங்களிடையே நீண்ட இடைவெளியும் முன்னே ஒரு பெரிய சக்கரமும் கொண்ட மூன்று சக்கர நாற்காலி அந்த நிலத்திற்கு ஏற்றது. அத்தகைய வடிவங்கள் பல ஆண்டுகளாக உலகிற் புழக்கத்தில் உள்ளன. உவர்க்காற்று இரும்பைத் தின்னும்; குண்டுப்போதிகை ஒரு மாரியிற் துருப்பிடிக்கும். ஊர்ச் சைக்கிள் கடையிற் கிடைக்கும் உதிரிப்பாகங்களாற் திருத்தக்கூடியதாக நாற்காலி இருந்தாற் பிழைக்கும். இல்லையேல் கோழிக்கூட்டுக்கு அருகிற் போய்ச்சேரும்.

கால்மிதி தாழ்ந்திருந்தாற் தொடையின் அடிப்பகுதி நெரிபடும். உயர்ந்திருந்தால் உடற்பாரம் முழுவதும் இருக்கை எலும்பின்மேல் இறங்கும். முள்ளந்தண்டு முறிந்தவருக்கு இடுப்பின்கீழ் உணர்ச்சி இல்லை. ஏற்ற மெத்தையின்றி, அடிக்கடி கையூன்றி உடலைத் தூக்கி அழுத்தத்தைத் தணிக்கும் பயிற்சியுமின்றி அவரை இருத்தினால் அழுத்தப்புண் உண்டாகும். அது தோலிற் தொடங்கி எலும்புவரை செல்லும். குருதியில் நஞ்சேற்றி உயிரையும் குடிக்கும். பனையிலிருந்து விழுந்து உயிர் பிழைத்த ஒருவர், கொடையாகக் கிடைத்த நாற்காலியில் அமர்ந்து உயிரிழக்கக்கூடும் என்பதை வழங்கல் வைபவங்களில் மாலை ஏற்கும் பிரமுகர்கள் அறிவார்களா?

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், சக்கர நாற்காலி வழங்கலை எட்டுப் படிகளாக வகுத்தது. தேவையுள்ளவரை இனங்காணல், மதிப்பிடல், விதித்தல், நிதியும் கோரலும், ஆயத்தப்படுத்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்றுதல், பின்தொடர்ந்து பழுதுபார்த்தல் என்பன அவை. எமது நாட்டு வைபவங்களில் இவற்றுள் எத்தனை உள்ளன? பெரும்பாலும் ஒன்றுதான்: நிதி. ஆனால் அந்நூலில் இல்லாத ஒன்பதாம் படியொன்றை நாமே சேர்த்துள்ளோம். நாற்காலியின் முதுகுப்புறத்தில், இன்னாரின் முப்பத்தோராம் நாள் நினைவாக, இன்ன நாட்டிலுள்ள பிள்ளைகளின் உபயம் என எழுத்துப் பொறிப்பதே அது. ஒருவருடைய கால்களாக விளங்கவேண்டிய பொருள் இன்னொருவருடைய மரண அறிவித்தலாகிவிடுகின்றது. அதில் அமர்ந்து சந்தைக்கும் திருமண வீட்டுக்கும் செல்பவரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எமது சட்டையின் முதுகில் துணி வாங்கித் தந்தவரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் உடுத்துவோமா?

புலம்பெயர்ந்த உறவுகளின் உழைப்பையோ அன்பையோ நான் இழிவுசெய்யவில்லை. போர்க்காலத்திலும் அதன்பின்னரும் அவர்கள் அனுப்பிய பணம் எத்தனையோ குடும்பங்களைக் காத்தது. எனினும் ஐம்பது நாற்காலிகளுக்குச் செலவிடும் பணத்தில் இருபதை அளவெடுத்துச் செய்யலாம். எஞ்சியதை ஒரு பயிற்றப்பட்ட தொழில்நுட்பவியலாளரின் வேதனத்துக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஒதுக்கலாம். தொழில்நுட்பவியலாளரின் வேதனத்தைப் படம் பிடிக்க முடியாது; இடர்ப்பாடு அங்குதான் இருக்கின்றது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். எமது நாடு வறிய நாடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அளவெடுக்கும் ஆடம்பரம் எமக்குக் கட்டுப்படியாகாது. எதுவுமில்லாததிலும் ஏதோவொன்று மேல் என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமாகத் தோன்றும். ஆனால் பொருந்தாத நாற்காலியால் வந்த அழுத்தப்புண்ணை ஆற்றுவதற்கு ஒருவர் மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கின்றார். அச்செலவை யார் கணக்கிட்டனர்? கழற்றி வளையிற் செருகப்பட்ட செயற்கைக் காலின் விலையை எந்தக் கணக்கிற் காட்டுவது? வறுமை காரணமாக வீண்செலவு செய்கின்றோம் என்பது வினோதமான பொருளியல். மேலும், அளவெடுத்தல் ஆடம்பரமன்று. அதற்கு வேண்டியவை அளவுநாடாவும், பயிற்சியும், ஒரு மணி நேரப் பொறுமையுமே. பொதுவாக ஆக்கத்தக்க உறுப்புகளைத் தொழிற்சாலையில் மொத்தமாக ஆக்குவதை நான் எதிர்க்கவில்லை. பாதமும் சக்கரமும் குழாயும் மலிவாகட்டும். மனித உடலைத் தொடும் இடம் மட்டும் அந்த மனிதனுக்கே உரியதாகட்டும்.

2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, துணைச் சாதனம் ஏதேனும் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேற்பட்டோர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை என்றும் கூறுகின்றது. மூக்குக்கண்ணாடியும் செவிப்புலக் கருவியும் இக்கணக்கில் அடங்கும். மூக்குக்கண்ணாடியைப் பொறுத்தவரை, கண்ணைப் பரிசோதியாமற் கண்ணாடி கொடுத்தால் அதனை மோசடி என்போம். சக்கர நாற்காலியை அவ்வாறு கொடுத்தால் தருமம் என்கின்றோம்!

சட்டம் இல்லை என்று எவரும் கூறமுடியாது. அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. பொதுக்கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2009 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவ்விதிகளை நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 20ஆம் உறுப்புரை, ஒருவர் தாம் விரும்பும் முறையில், தாம் விரும்பும் நேரத்தில், தாங்கத்தக்க செலவில் நடமாடுவதைப் பேசுகின்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் இணைந்தோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்வதாகக் காட்டியது. சட்டமும் கணக்கும் உள்ளன. ஊனமுற்றோர் என்ற சொல்லை விடுத்து மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லையும் ஏற்றுக்கொண்டோம். வாசற்படியைத் தவிர மற்றெல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். பொருத்தமான சாதனம் வேண்டுமென்று ஒருவர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தால் அவர் இன்றும் பயனாளி என்றே அழைக்கப்படுகின்றார், உரித்தாளி என்றல்ல.

இனி, இவ்விதழைப் படிக்கும் எம்மிடமே வருவோம். எமது உயர்கல்விக் கூடங்களிற் சக்கர நாற்காலியுடன் ஒரு மாணவர் துணையின்றி நுழையக்கூடிய விரிவுரை மண்டபங்கள் எத்தனை? எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு கையின் விரல்களே போதுமென்றால் அதற்கு வெட்கப்படவேண்டியவர் படியமைத்த மேசன் மட்டுமல்லர்.

பொறியியல் மாணவர் ஆண்டுதோறும் துணைச் சாதனங்களை வடிவமைக்கின்றனர். முப்பரிமாண அச்சுப்பொறியால் ஆக்கப்பட்ட கைகள், தசையின் மின்குறிப்பை உணரும் விரல்கள் எனக் கண்காட்சி மேசைகளிற் பல உள்ளன. திறமையை மறுக்கவில்லை. ஆனால் அவற்றுள் எத்தனை, அவற்றை அணியப்போகும் ஒருவருடன் உரையாடிய பின்னர் வரையப்பட்டன? புள்ளிகள் வழங்கப்பட்டதும் அவை அலுமாரிக்குட் போகின்றன. ஒரு கையை இழந்த பெண்ணொருத்திக்கு முதலில் வேண்டுவது விரல் மடக்கும் யந்திரமாக இல்லாமல், திருவலையில் தேங்காய்ப் பாதியை அசையாது பிடிக்கும் ஒரு பிடியாக இருக்கலாம். அல்லது சைக்கிளின் இரு தடுப்பையும் ஒரே கையால் இயக்கும் ஒரு நெம்புகோலாக இருக்கலாம். அதைச் செய்வதற்கு ஒரு வெல்டிங் கடையும் ஒரு வாரமும் போதும். அத்தகைய செயற்றிட்டத்துக்கு அதியுயர் புள்ளி வழங்கும் துணிவு எமது விரிவுரையாளர்களுக்கு உண்டா?

தமிழ்ச் சங்கத்துக்கும் இதில் வேலையுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். ஒன்றே முக்காற் நூற்றாண்டு கழிந்தும், பெட்டியில் வரும் நாற்காலியுடன் இணைந்த கைநூல் எமது முதியவர்களுக்குப் புரியும் மொழியில் இருப்பதில்லை. எஞ்சிய காலை ஏந்தும் பகுதியைக் கிண்ணம் என்று நான் மேலே எழுதியது தற்காலிக ஏற்பாடே. நல்ல சொல் தேவை. அதனை அகராதிக்குள் இருந்து தேடாமல் பட்டறைத் தொழிலாளரிடமும் அதனை அணிந்திருப்போரிடமும் கேட்டுத் தொகுப்பது சங்கத்தின் ஓராண்டுப் பணியாக அமையலாம். எப்போது மெத்தையைத் திருப்புவது, எந்தச் சிவப்பு ஆபத்தானது, எந்த ஆணியை எப்போது இறுக்குவது என்பவற்றைப் பெரிய எழுத்திலும் படத்திலும் நான்கு பக்கத்துக்குள் எழுதுவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை.

செயற்கை உறுப்புத் தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றும் கல்லூரி 2004இல் ராகமையிற் தொடங்கப்பட்டது. வடபுலத்து இளைஞர், குறிப்பாகத் தாமே உறுப்பிழந்த இளைஞர், அங்கு சென்று கற்றுத் திரும்புவதற்கான புலமைப்பரிசிலை எமது பழைய மாணவர் சங்கங்கள் வழங்கட்டும். ஒரு நாற்காலி சில ஆண்டுகள் உழைக்கும்; ஒரு தொழில்நுட்பவியலாளர் முப்பது ஆண்டுகள் உழைப்பார்.

உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கிழக்கு அரியாலையில் ஒரு கிராம அலுவலர் பிரிவைத் தெரிந்து, மருத்துவபீட, பொறியியற்பீட, கலைப்பீட மாணவர் மூவர் சேர்ந்த குழுக்களாக வீடு வீடாகச் செல்லவேண்டும். எத்தனை சாதனங்கள் வழங்கப்பட்டன என்று கேட்கவேண்டாம். அந்தக் கணக்கு எல்லாத் திணைக்களங்களிலும் இருக்கின்றது. எத்தனை இன்று பயன்பாட்டில் உள்ளன, பயன்படாதவை எங்கே கிடக்கின்றன, எதனாற் கைவிடப்பட்டன, அணிந்திருப்பவரின் தோலில் இப்போது புண் உண்டா என்ற நான்கு வினாக்கள் போதும். பெறப்படும் விடைகளைப் பெயர் குறிப்பிடாது தொகுத்து, ஜெய்ப்பூர் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் சமர்ப்பித்து, இவ்விதழின் அடுத்த மலரிலும் வெளியிடவேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் அந்த ஒழுங்கைகளில் நடப்பதே கடினமாகிவிடும். ஆகையால் புரட்டாதிக்குள் புறப்படுதல் நன்று.